ஐம்பது நிமிஷத் தூரம்

என் தங்கைக்கு வாய் நீளம். அவள் வக்கீலுக்கு அதைவிட நீளம். இரண்டு நீளமும் சேர்ந்து அளந்து கொடுத்த தூரம்தான் ஐம்பது நிமிஷம்.

தங்கை புருஷன் டயர் கடை வைத்திருக்கிறார். நல்ல பெரிய கடை. ஆள் உயரத்துக்கு லாரி டயர்களை வாசலில் அடுக்கி வைத்திருப்பார். கல்யாணமான புதிதில் நான் அவரை வாய் நிறைய மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். விஷயம் கோர்ட்டுக்குப் போன நாளிலிருந்து எனக்கு அவர் டயர்க்காரர். தங்கை ஸ்கேன் எடுக்கிறவள். மனுஷர்களைப் படுக்கவைத்து, மூச்சை அடக்கச் சொல்லி, உள்ளே இருப்பதையெல்லாம் பார்த்துவிடுவாள். கட்டினவரின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மட்டும் அவளுக்குப் பதினொரு வருஷம் ஆனது. ஏன் பிரிந்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். அவளைக் கேட்டால் ஒரு கதை, அவரைக் கேட்டால் ஒரு கதை. இரண்டு கதையிலும் நல்லவர் ஒருவர்தான், கதை சொல்கிறவர்.

இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பெண். பிறந்தபோது உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தாள், தவழும்போது ஒரு பக்கமாகவே தவழ்ந்தாள். அதனால் நண்டு. பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருக்கிறது. வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது விவாகரத்து ஆனது. பிள்ளை அம்மாவோடு இருக்க வேண்டும், அப்பா வாராவாரம் வந்து பார்க்கலாம் என்று கோர்ட் சொன்னது. ஒரே ஊர் என்பதால் அதில் சிக்கல் இல்லை.

சிக்கல் என் ஊரிலிருந்து போனது. நான் இங்கே பஸ் நிலையத்துக்குப் பின்னால் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண்ணைச் சோதித்துப் பவர் பார்ப்பதும், லென்ஸை உரசிச் சட்டத்தில் மாட்டுவதும் நானேதான். தனி மனுஷி, எனக்கென்று யாரும் கிடையாது. இங்கே புதிதாகத் திறந்த பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னேன். வேலை கிடைத்துவிட்டது. ஆனால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊர் மாற வேண்டுமென்றால் கோர்ட்டைக் கேட்க வேண்டும்.

டயர்க்காரர் விடுவாரா. ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர் என்றார். ரோட்டில் போனால் பத்து மணி நேரம், நடுவில் மலை வேறு என்றார். என் மகள் முகத்தையே நான் மறந்துவிடுவேன் என்று கூண்டில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரே ஊரில் இருந்தபோது மாதத்தில் ஒரு தடவை வந்து பார்த்தவர். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

அப்போதுதான் தங்கையின் வக்கீல் எழுந்தார். கனம் நீதிபதி அவர்களே, யாரும் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போகவில்லை, இரண்டு ஊருக்கும் தினமும் விமானம் இருக்கிறது, பறக்கிற நேரம் வெறும் ஐம்பது நிமிஷம் என்று விமான நேர அட்டவணையை நீட்டினார். தங்கையையும் கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள். அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்.

"ஐம்பது நிமிஷம்லாம் ஒரு தூரமாங்க? உக்காந்து ஒரு ஜூஸ் குடிச்சு முடிக்கறதுக்குள்ள எறங்கிடலாம்."

நீதிபதி நடுவயது அம்மாள். மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்து இறங்கியிருந்தது; காது வளைவைக் கொஞ்சம் நிமிர்த்தினால் சரியாகிவிடும், எனக்குக் கை பரபரத்தது. அவர் சிரித்தார்.

"என் வீட்லேருந்து இந்தக் கோர்ட்டுக்கு வரவே எனக்கு ஒரு மணி நேரம் ஆகுது. ஐம்பது நிமிஷத்தத் தூரம்னு சொல்ல முடியாது. ஊர் மாறிக்கோங்க."

தங்கை என் கையைப் பிடித்து நசுக்கினாள். டயர்க்காரர் முகம் செத்துவிட்டது. நாங்கள் எழுந்திருக்கப் போகும்போது நீதிபதி மீதியையும் சொன்னார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளை அப்பாவிடம் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பி வர வேண்டும். வாராவாரம்.

தங்கை அப்படியே நின்றுவிட்டாள். "அவர் வர மாட்டாருங்களா?"

"அவருக்குச் சனிக்கிழமை கடை. உங்களுக்கு டூட்டி. குழந்தைக்குத்தான் லீவு. தூரம் ஒண்ணுமில்லைன்னு நீங்களே இப்பதானேம்மா சொன்னீங்க."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை கெட்டதோடு நிற்கவில்லை, குட்டியையும் சேர்த்துக் கெடுத்தது. ஆனால் அன்றைக்கு அவளுக்கு அதுகூட உறைக்கவில்லை. ஊர் மாறக் கிடைத்ததே பெரிய ஜெயம். வாசலில் டயர்க்காரர் எங்களைத் தாண்டிப் போகும்போது, "பிளேன் டிக்கெட்டையும் மறக்காம அவர் கணக்குல போட்டுடுங்க" என்று அவர் காதில் விழுகிற மாதிரி வக்கீலிடம் சொன்னாள்.

இப்போது ஐம்பது நிமிஷத்தின் கதையைக் கேளுங்கள். என் ஊரில் விமான நிலையம் ஊருக்குள் இல்லை, வெளியே ஒரு மணி நேரம் போக வேண்டும். டயர்க்காரர் ஊரிலும் அப்படித்தான். துணையில்லாமல் போகிற பிள்ளையை இரண்டு மணி நேரத்துக்கு முன்னாலேயே கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் பையைத் தொங்கவிடுவார்கள், அதில் அவள் யார், எங்கே போகிறாள், யார் வந்து கூட்டிப்போவார் என்று இருக்கும். முதலில் ஏற்றுவார்கள், கடைசியில் இறக்குவார்கள். வந்து வாங்குகிறவர் அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். பார்சலுக்கும் அதுதான் முறை. பள்ளி விட்டதும் கிளம்பினால் அப்பா வீட்டுக் கதவைத் தட்ட ஆறு மணி நேரம். அதில் அவள் வானத்தில் இருப்பது மட்டும் ஐம்பது நிமிஷம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தங்கைக்கு டூட்டி. நான்தான் கடையைப் பாதியில் சாத்திவிட்டு நண்டைக் கூட்டிக்கொண்டு போவேன். பள்ளி வாசலில் மற்ற பிள்ளைகள் யார் வீட்டில் விளையாடுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது இவள் என்னைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் வந்து டாக்சியில் ஏறிக்கொள்வாள். முதல் இரண்டு மாதம் அழுதாள். அப்புறம் அழுகை நின்றது. பழகிவிட்டாள் என்று தங்கை சந்தோஷப்பட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானம் கிளம்புகிறவரை கொண்டுவிட்டவர் போகக்கூடாது என்று விதி. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு கையை ஆட்டுவேன். அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

டயர்க்காரர் சும்மா இருக்கவில்லை. அவர் கடையில் பார்சல் எடை போடுகிற தராசு ஒன்று தரையில் கிடக்கும். வெள்ளிக்கிழமை பிள்ளை வந்து இறங்கியதும் நேராகக் கடைக்குக் கூட்டிப்போய் அதன்மேல் நிற்கவைத்து, முள்ளோடு சேர்த்து முகத்தையும் போட்டோ எடுப்பார். களைத்துப்போன முகம் நன்றாக விழ வேண்டும் என்று சாப்பாடு அதற்கப்புறம்தான். வாராவாரம் என் பிள்ளை இளைத்துப்போய் வருகிறாள் பாருங்கள் என்று காட்ட அவருக்குச் சாட்சி வேண்டுமாம்.

"அப்பா சிரிக்காதன்னு சொல்வார் பெரியம்மா," என்றாள் நண்டு ஒருநாள், கடையில் உட்கார்ந்து லென்ஸ் துடைக்கிற துணியை மடித்துக்கொண்டே. "சிரிச்சா இன்னொரு தடவ நிக்கணும்."

அவர் இப்படி என்றால் தங்கை இளைத்தவளா. ஞாயிற்றுக்கிழமை பிள்ளை திரும்பி வந்தால் திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரி லேபுக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுப்பாள். அங்கே வேலை செய்கிறவள், கூப்பிட்டால் ஊசியோடு வர ஆள் இருக்கிறது. அப்பா வீட்டில் கண்டதைத் தின்னக் கொடுக்கிறார், தூங்கவிடுவதில்லை என்று நிரூபிக்க இவளுக்கும் சாட்சி வேண்டுமாம். மூன்றாவது வாரமே நண்டின் முழங்கை மடிப்பு பச்சையாகிவிட்டது. ஒருநாள் என் கடைக்கு வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டர் ஒருவர் கண்ணாடி வாங்க வந்தார். நண்டு அவரைப் பார்த்ததும் கேட்காமலேயே சட்டைக் கையைச் சுருட்டி நீட்டிவிட்டாள். அந்த மனுஷர் விழித்தார்.

அன்றைக்குச் சாயங்காலமே தங்கையைப் பிடித்துக்கொண்டேன். "ஊசி குத்தறத இன்னியோட நிறுத்துடி. பிள்ளையா, பரிசோதனை எலியா?"

"உனக்குக் கோர்ட்டப் பத்தித் தெரியாதுக்கா. அங்க நாம அழுதா எடுபடாது, ரிப்போர்ட்தான் பேசும்."

"உன் கண்ணு பேசாதா? அவளப் பாரு."

"நான் யாருக்காக இதெல்லாம் பண்றேன்? எனக்கு அவள விட்டா வேற யாரு இருக்கா?" என்று மூக்கைச் சிந்தினாள். அடுத்த திங்கட்கிழமையும் ரத்தம் எடுத்தாள்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மத்தளமாவது சத்தம் போடும். இந்தப் பிள்ளை அதையும் விட்டுவிட்டாள். அப்பாவிடம் அம்மாவைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டாள், அம்மாவிடம் அப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டாள். இரண்டு பேருமே அதற்காக அவளைத் திட்டினார்கள். அமுக்குணி, அப்படியே உங்கப்பா புத்தி என்பாள் தங்கை. அங்கே அவர் என்ன சொல்வார் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை வந்தது. சாதாரண மழை இல்லை, இரண்டாவது மாடியில் உலர்த்தியிருந்த துணியைத் தெருக்கோடிக்குக் கொண்டுபோன காற்றுமழை. நாங்கள் விமான நிலையத்தில் காத்திருக்கிறோம். நண்டின் விமானம் எங்கள் தலைக்கு மேலேயே சுற்றிப் பார்த்துவிட்டு, இறங்க முடியாமல் வந்த ஊருக்கே திரும்பிவிட்டது என்று பலகையில் போட்டார்கள். அங்கே டயர்க்காரர் விமானம் கிளம்பியதும் வீட்டுக்குப் போய்விட்டார். பிள்ளை எங்கே, யாரோடு இருக்கிறாள் என்று ஒன்றும் தெரியவில்லை.

தங்கை உடனே போனை எடுத்தாள். விமானக் கம்பெனியைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். வக்கீலைக் கூப்பிட்டாள்.

"சார், நல்ல சான்ஸ் சார். பிளேன் எறங்கல. குழந்த எங்க இருக்கான்னே தெரியல. இத வெச்சு வாராவாரம் அனுப்பறத நிறுத்திடலாமா?"

நல்ல சான்ஸ். என் காதால் கேட்டேன். கூடப் பிறந்தவளை அறைய வேண்டும்போல இருந்தது, இத்தனை பேர் நடுவில் எப்படி அறைவது என்று கையைக் கட்டிக்கொண்டேன். பிறகு தெரிந்தது, அதே நேரத்தில் டயர்க்காரரும் தன் வக்கீலோடுதான் பேசிக்கொண்டிருந்தார். போன் பிஸியாக இருந்ததால் விமானக் கம்பெனிக்காரர்களுக்கு அவரைப் பிடிக்கவே முடியவில்லையாம்.

நான் கவுண்டருக்கு ஓடி, அங்கிருந்த பெண்ணிடம் கெஞ்சி, அந்த ஊர் ஆட்களுக்கு லைன் போடச் சொன்னேன். ஒரு சின்ன அறையில் உட்காரவைத்திருக்கிறோம், பிஸ்கட் கொடுத்தோம், தொடவில்லை என்றார்கள். நண்டிடம் போனைக் கொடுத்தார்கள்.

"நண்டுக் குட்டி, பயப்படாத. பெரியம்மா பேசறேன்."

"பயப்படல," என்றாள். "பெரியம்மா, நான் இப்ப எந்த ஊர்ல இருக்கேன்?"

"அப்பா ஊர்லதான்டா. மழைன்னு திரும்பிட்டாங்க."

"ஓ. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு," என்றாள். பக்கத்தில் தங்கை இன்னும் வக்கீலிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

அந்த மழையை வைத்து மறுபடி கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த வேடிக்கையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஐம்பது நிமிஷமெல்லாம் ஒரு தூரமா என்று கேட்ட அதே தங்கை அதே கூண்டில் நின்று, ஐயோ ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர், பச்சைப் பிள்ளை எப்படித் தாங்கும், வேண்டுமானால் அவர் வந்து பார்க்கட்டும் என்றாள். மகள் முகம் மறந்துவிடும் என்று அழுத அதே டயர்க்காரர், என்ன பெரிய தூரம், கண்ணை மூடித் திறந்தால் வந்துவிடுகிறது, பிள்ளை என்னிடம் இருந்து படிக்கட்டும், பெற்றவள் வாராவாரம் பறந்து வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றார். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் ஒரு கட்டு. தராசுப் போட்டோ ஒரு கட்டு. தூரத்தை ஆளுக்கொரு நாள் ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டார்கள், இழுக்கிறவர் மட்டும் மாறினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேவகர் முறைத்தார்.

நீதிபதி இரண்டு கட்டையும் புரட்டினார். போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அடுத்த வாரம் குழந்தையைக் கூட்டிவாருங்கள், நான் தனியாகப் பேச வேண்டும் என்றார்.

அந்த ஒரு வாரமும் நண்டுக்குப் பாடம் நடந்தது. தங்கை சோறு ஊட்டிக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள்.

"ஜட்ஜம்மா யாரோட இருக்கணும்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ?"

"அம்மாவோட."

"ஏன்?"

"அம்மாவத்தான் பிடிக்கும்."

"அழுதுட்டே சொல்லணும்டி. இப்படி வாய்ப்பாடு ஒப்பிக்கற மாதிரி சொன்னா யாரு நம்புவா?"

வெள்ளிக்கிழமை போன இடத்தில் அப்பாவும் இதே பாடத்தை நடத்தியிருப்பார், விடை மட்டும் வேறு. எனக்கு மனசு முழுக்க ஒரே ஒரு பயம்தான் இருந்தது. அவள் அம்மா பெயரைச் சொல்லிவிட வேண்டுமே, நம்மிடமே இருந்துவிட வேண்டுமே என்று. ஊசியும் ரத்தமும் எப்படியாவது பிறகு சரியாகிவிடும், வாராவாரம் கழுத்தில் பையை மாட்டுவது நின்றால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீதிபதி அறைக்குள் நண்டு தனியாகப் போனாள். கதவைச் சாத்தினார்கள். வெளியே பெஞ்சின் இந்தக் கோடியில் நாங்கள், அந்தக் கோடியில் டயர்க்காரர். அவர் என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா அண்ணி?" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெகுநேரம் ஆகவில்லை, எங்களையும் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். நண்டு நாற்காலியில் கால் எட்டாமல் உட்கார்ந்திருந்தாள். அழுத மாதிரித் தெரியவில்லை. அவளை வெளியே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுங்கள் என்று சேவகரிடம் சொன்னார் நீதிபதி. கதவு சாத்தியதும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"யாரோட இருக்கணும்னு கேட்டேன். பதில் சொல்லல. என்னை ஒரு கேள்வி கேட்டா. ஏர்போர்ட் இல்லாத ஊர்ல ஹாஸ்டல் ஸ்கூல் ஏதாவது இருக்கான்னு கேட்டா."

தங்கை டயர்க்காரர் பக்கம் திரும்பினாள். "நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?"

"நானா? இது உன் வேல. எங்கிட்டருந்து பிரிக்கணும்னு நீ பண்ற வேல."

"போதும்," என்றார் நீதிபதி. அவர் சத்தம் போடவில்லை. "ஹாஸ்டல் எல்லாம் கடைசி. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். உங்க ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர், குழந்தை அங்கயே இருக்கட்டும், வாராவாரம் நான் போய்ப் பாத்துக்கறேன்னு சொன்னாப் போதும். அந்தக் குழந்தை இனிமே பிளேன் ஏற வேண்டாம். ரெண்டு பேருமே ஐம்பது நிமிஷம் ஒண்ணுமில்லைன்னு இந்தக் கோர்ட்ல சொன்னவங்கதான். யாரு போறீங்க?"

நான் தங்கையைப் பார்த்தேன். அவள் டயர்க்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்கு வெளியே இருந்த பிள்ளையை அந்த நேரத்தில் இரண்டு பேரும் நினைக்கவில்லை, அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. சொல்லுடி, நீ சொல்லு என்று அவள் முழங்கையை இடித்தேன். கையை உதறிவிட்டாள்.

"ஹாஸ்டலுக்கு எனக்குச் சம்மதம்," என்றார் டயர்க்காரர். "இவகிட்ட இல்லைன்னா சரி."

"எனக்கும் சம்மதம்," என்றாள் என் தங்கை உடனே, அவர் முந்திக்கொண்டாரே என்கிற அவசரத்தில். "அவர்கிட்ட இருக்கறதுக்கு அது எவ்வளவோ மேல்."

தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத் தடை ஆக வேண்டும் என்கிற ஜாதி இரண்டும். ஒரு வருஷம் எதற்காக அடித்துக்கொண்டார்களோ அந்தப் பிள்ளையை ஒரு நிமிஷத்தில் இரண்டு பேருமாகச் சேர்ந்து கை கழுவினார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்தது அந்த ஒரு விஷயத்தில்தான். நீதிபதி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். நான் அந்த அறையிலேயே உட்கார்ந்து அழுதேன். யாரும் என்னை ஏனென்று கேட்கவில்லை.

என்னிடம் விடுங்கள், நான் வளர்க்கிறேன் என்று பிறகு இரண்டு பேரிடமும் மன்றாடிப் பார்த்தேன். உங்ககிட்ட விட்டா அவகிட்ட விட்ட மாதிரிதானே அண்ணி என்றார் அவர். அதுவும் நியாயம்தான். தங்கை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள், "கோர்ட்ல சம்மதம்னு சொல்லியாச்சுக்கா."

விமானம் இல்லாத ஊர் கிடைத்தது. ரயிலும் நேராகப் போகாது, இரண்டு பஸ் மாற வேண்டும். மலையடிவாரத்தில் பெண் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம், சுற்றிலும் காம்பவுண்டு, மஞ்சள் பெயின்ட் அடித்த நீளமான தங்கும் அறைகள். கொண்டுபோய் விட்டதும் நான்தான். தங்கைக்கு லீவு கிடைக்கவில்லை, டயர்க்காரருக்கு வருஷக் கடைசிக் கணக்கு. பஸ்ஸில் ஏழு மணி நேரமும் நண்டு என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். அப்படித் தூங்கி நான் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வந்து பார்க்கலாம். முதல் மாதம் தங்கையைக் கூப்பிட்டேன்.

"ஏழு மணி நேரம் போயி, ஏழு மணி நேரம் திரும்பி வரணும். திங்கட்கிழமை நிக்க முடியாதுக்கா. நீ போயிட்டு வா, நான் அடுத்த மாசம் பாக்கறேன்," என்றாள். டயர்க்காரர் போகிறாரா என்று மட்டும் மறக்காமல் விசாரித்தாள். அவரும் போகவில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாகிவிட்டாள்.

நான் போனேன். ஒரு ஸ்வெட்டரும் இரண்டு பாக்கெட் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு, விடிகிறதற்கு முன்னால் கிளம்பி, மத்தியானம் போய் இறங்கினேன். மைதானத்தில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நண்டை எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. சதை பிடித்திருந்தாள். சிநேகிதி ஒருத்தியின் பின்னலைப் பிடித்து இழுத்துவிட்டு, வாயெல்லாம் பல்லாகச் சத்தம் போட்டுக்கொண்டு ஓடினாள். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

அவள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்த கால் நின்றது. சிரிப்பு போய்விட்டது. சிநேகிதியிடம் ஏதோ சொல்லிவிட்டு, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, பள்ளி வாசலில் வந்து டாக்சியில் ஏறுகிற அதே நடையில் வந்து என் முன்னால் நின்றாள்.

"எந்த ஊருக்குப் பெரியம்மா?"

"எங்கயும் இல்லடா. உன்னப் பாக்கத்தான் வந்தேன்."

"பையெல்லாம் எடுத்துட்டு வரணுமா?"

"இல்லம்மா. எங்கயும் போகல. சும்மா பாக்க வந்தேன்." கட்டிக்கொண்டேன். மரக்கட்டையாக நின்றாள். வாசலுக்கு வெளியே வண்டி நிற்கிறதா என்று என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அங்கே வண்டி எதுவும் இல்லை. அப்புறமும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பிஸ்கட்டை வாங்கிக்கொண்டாள், ஸ்வெட்டரைப் போட்டுக் காட்டினாள், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கண் மட்டும் வாசலிலேயே இருந்தது. மைதானத்தில் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமானது. நான் எழுந்தேன்.

"அடுத்த மாசம் வரட்டுமா? என்ன வேணும், சொல்லு. வாங்கிட்டு வர்றேன்."

நண்டு யோசித்தாள். ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க வராதீங்க பெரியம்மா."

"ஏன்டா? பெரியம்மா மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல," என்றாள். உண்மையிலேயே அவள் முகத்தில் கோபம் இல்லை. "உங்களப் பாத்தா வயிறு கலங்குது. எப்பவும் கொண்டுபோய் விடறது நீங்கதானே."